சவரிமுத்துவுக்கு இரண்டு அடக்கம்

முப்பத்திரண்டு வயதில் ஓய்வுபெற்றவள் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பன்னிரண்டு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்து, கடைசி நாளில் பொன்னாடையும் சுவர்க் கடிகாரமும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவளை வேறு எப்படிச் சொல்வது? திண்டுக்கல்லில் எங்கள் பங்குக் கோயில் அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தேன். கல்யாணமாகி வத்தலக்குண்டுக்குப் போனதால் வேலையை விட்டேன். கடிகாரம் இப்போதும் வீட்டில் மாட்டியிருக்கிறது. பத்து நிமிடம் முந்தி ஓடுகிறது. கோயிலில் கொடுத்த கடிகாரம் பின்தங்கி ஓடினால்தான் கவலைப்பட வேண்டும் என்கிறார் என் கணவர்.

போன வாரம் ஜெனிபர் கூப்பிட்டாள். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். பழைய பதிவேடுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். ஓர் அடக்கம் மட்டும் ஏற மாட்டேன் என்கிறதாம்.

"இறந்த தேதியே இல்லாம அடக்கம் பண்ணியிருக்கீங்கக்கா. அந்தக் கட்டத்த நிரப்பாம கம்ப்யூட்டர் அடுத்ததுக்குப் போக மாட்டேங்குது. அதே ஆளு நாலு வருஷம் கழிச்சு மறுபடி அடக்கமாயிருக்காரு. டூப்ளிகேட்டுன்னு ஒண்ண அழிச்சிரவா?"

அழித்துவிடாதே என்று பதறிச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன். அவளுக்கும், அவளுக்குப் பின்னால் அந்த நாற்காலிக்கு வரப்போகிறவர்களுக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதை சின்னது. பி.காம். முடித்த அடுத்த மாதம் போய்ச் சேர்ந்தேன். முதல் ஒரு வருடம் திருமுழுக்குச் சான்றிதழ் எழுதியே கழிந்தது. சேர்ந்த முதல் வாரத்திலேயே, யாரும் பார்க்காத நேரத்தில், என் அப்பா அம்மாவின் திருமணப் பதிவைத் தேடி எடுத்துப் பார்த்தேன். கையொப்பம் போட வேண்டிய இடத்தில் இரண்டு கட்டைவிரல் ரேகைகள் ஊதா மையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. என் திருமுழுக்குப் பதிவிலும் அப்பாவின் ரேகைதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த ரேகைகள் இருக்கும் புத்தகத்தில் இனி என் கையெழுத்து ஓடப்போகிறது என்று நினைத்தபோது எனக்கு வந்த பெருமை, பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டிய அளவு இருந்தது.

அந்தப் பெருமைதான் பின்னால் ஒரு மனிதரின் காலைக் கொண்டுபோய்த் தப்பான குழியில் வைத்தது.

அடக்கப் பதிவேட்டில் இடம் என்று ஒரு கட்டம் உண்டு. எனக்கு முன்னால் எழுதியவர்கள் அதில் எழுதியிருந்ததைப் படித்தால் தலை சுற்றும். 'வேப்பமரத்துக்குக் கீழே.' 'சூசையின் குழிக்குப் பக்கத்தில்.' சூசை எங்கே என்று தேடினால், 'வேப்பமரத்துக்கு எதிரே.' அந்த வேப்பமரம் நான் பிறப்பதற்கு முன்பே ஒரு காற்றில் விழுந்துவிட்டதாம். நான் ஒரு மாதம் உட்கார்ந்து, கல்லறைத் தோட்டம் முழுவதையும் கட்டம் போட்ட தாளில் வரைந்தேன். வரிசைக்கு ஓர் எண், குழிக்கு ஓர் எண். வாசல் கேட்டில் தொடங்கி வரிசை ஒன்று, இரண்டு என்று உள்ளே போகும். வரைந்து முடித்ததும், குழி வெட்டும் இருதயம் அண்ணனைக் கூப்பிட்டு, இனிமேல் என்னிடம் பேர் சொல்லக் கூடாது, நானும் பேர் சொல்ல மாட்டேன், சீட்டில் எண் எழுதித் தருவேன், அந்த எண்ணில் வெட்ட வேண்டும் என்றேன். துக்க மணி அடிப்பதும் அவர்தான், குழி வெட்டுவதும் அவர்தான். என் தாளைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்துவிட்டு, "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று போய்விட்டார்.

அப்போது பங்குத்தந்தை, நாங்கள் 'சாமி' என்று கூப்பிடுபவர், எங்கள் பங்குக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். அவரிடம் ஒரு பழக்கம். மனம் சரியாக இருந்தால் "ஏம்மா, இங்க வா" என்பார். கோபம் வரவர மரியாதை ஏறும். "வாங்க" என்றால் ஏதோ பிழை. "வாங்க ரோஸ்லின்" என்றால் பெரிய பிழை. "ஏனுங்க ரோஸ்லின், இத நீங்கதான் எழுதுனீங்களாங்க?" என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்காது. பதிவேட்டில் அடித்தல் கூடாது, அழித்தல் கூடவே கூடாது. தப்பு வந்தால் அதன்மேல் ஒரே ஒரு கோடு. கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். சரியானதை ஓரத்தில் எழுதி, யார் திருத்தினார்களோ அவர் கையொப்பம் போட வேண்டும். என் பதிவேடுகளில் மூன்று வருடமாக அப்படி ஒரு கோடுகூட இல்லை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும்படி நடந்துகொண்டேன், அவ்வளவுதான்.

அந்த ஆடி மாதத்தில் ஒருநாள் சவரிமுத்து ஐயாவின் மகன் அலுவலகத்துக்கு வந்தார். சவரிமுத்து ஐயா சாணார்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தவர். என் அம்மா பல வருடம் அவர் தோட்டத்தில் கூலிக்குப் பூ எடுத்திருக்கிறார். ஐயாவுக்குச் சர்க்கரை முற்றி, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்த காலை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிடக் கூடாது, கல்லறையில் தன் மனைவியின் குழியில் வைக்க வேண்டும் என்று ஐயா பிடிவாதம் பிடிக்கிறாராம். டாக்டர் கடிதம் கொடுத்திருந்தார். கால் வெளியே, ஒரு வண்டியில், சின்ன மரப்பெட்டிக்குள் வெள்ளைத் துணி சுற்றி இருந்தது. அப்பாவுக்கு ரத்தம் ஏற்றுகிறார்கள், நான் உடனே திரும்பிப் போகணும் என்று மகன் நின்றுகொண்டே பேசினார்.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஒடம்பு உயிர்க்கும்னு சத்தமாச் சொல்றமே, அன்னைக்கு நான் மட்டும் நொண்டிக்கிட்டா எந்திரிக்கன்னு அப்பா கேக்காரு, சாமி. எனக்குப் பதில் தெரியல."

சாமி வாசல்வரை போய்ப் பெட்டியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆண்டவருக்கு இந்தக் கால் தேவைப்படாது. சவரிமுத்துவுக்குத் தேவைப்படுது. குழிக்குச் சொல்லும்மா" என்றார்.

அதன் பிறகு நடந்தது எனக்கு ஒவ்வொரு கட்டமாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அது பதிவேட்டின் கட்டம். பெயர் எழுதிவிட்டேன். வயது என்ற இடத்தில் நின்றேன். ஐயாவுக்கு அறுபத்து நான்கு, காலுக்கும் அதுதானே என்று சாமி சொன்னார். இறந்த நாள்? ஆள் இறக்கவில்லை. காலும் இறந்தது என்று சொல்வதா, பிரிந்தது என்று சொல்வதா? சாமி அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போடச் சொன்னார். நோயில் பூசுதல், அதாவது நோயாளிக்குக் குரு எண்ணெய் பூசும் சடங்கு, பெற்றாரா என்ற கட்டத்தில், 'ஆள் பெற்றார்' என்று எழுதினேன். இருதயம் அண்ணன் வாசலில் நின்று, முழு ஆளுக்கு அடிக்கிற மணியைக் காலுக்கும் அடிக்கலாமா, இல்லை குறைத்துக்கொள்ளவா என்று கேட்டார். மணி வேண்டாம், ஊரே பதறிவிடும் என்று சாமி சொல்லிவிட்டார். கடைசியாகக் குறிப்பு என்ற கட்டம். அதைச் சாமியே தன் பேனாவால் எழுதினார்.

'பகுதி. மீதி பின்னர்.'

நான் சீட்டில் என் எண்ணை எழுதி இருதயம் அண்ணன் கையில் கொடுத்தேன். வரிசை நான்கு, குழி ஏழு. மற்ற அடக்கங்களில் வீட்டார் கூடவே நின்று குழியைக் காட்டிவிடுவார்கள்; இதற்குக் காட்ட ஆளில்லை, மகன் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டார். சாமி கல்லறைக்குப் போய் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துவிட்டு வந்தார், யார் குழி எது என்று அவருக்கு இன்னும் தெரியாது. நான் போகவில்லை. வரைபடம் இருக்கும்போது எதற்குப் போக வேண்டும்?

நவம்பரில் வரும் கல்லறைத் திருநாளுக்குள் ஐயா கம்பு ஊன்றி நடக்கப் பழகிவிட்டார். அன்று கல்லறைத் தோட்டத்துக்கு வந்து, மனைவி குழியில் தன் தோட்டத்து மல்லிகையை ஒரு முழ மாலையாகப் போட்டார். கால்மாட்டில் தனியாக ஒரு கை உதிரிப்பூ. அது காலுக்கு. இரண்டு மெழுகுதிரி. இருதயம் அண்ணன் அந்நேரம் கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், ஐயாவும் சிரித்தார். தன் கல்லறைக்குத் தானே பூப்போட்டவன் ஊரில் எவன் இருக்கிறான் என்று கேட்டார். மறுநாள் அலுவலகத்துக்கு வந்து, காலுக்கு ஒரு திருப்பலி வைக்க வேண்டும் என்றார். காலுக்கு ஆன்மா கிடையாது, அதனால் அதற்கு இளைப்பாற்றியும் கேட்க முடியாது என்று சாமி விளக்கினார். அப்படியானால் ஆளுக்காக வையுங்கள், கால் கேட்டுக்கொள்ளும் என்றார் ஐயா. வைத்தோம்.

அடுத்த மாசியில், தவக்காலம் தொடங்கிய இரண்டாவது வாரம், காலையில், தேவசகாயம் என்பவரின் அம்மா இறந்துவிட்ட செய்தி வந்தது. தேவசகாயம் யார் என்று சொல்லிவிடுகிறேன். சவரிமுத்து ஐயாவின் மச்சான். ஐயாவின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். ஒன்பது வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஐயாவின் மனைவி காய்ச்சலில் இறந்தபோது, நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் என் தங்கச்சியைக் கொன்றுவிட்டாய் என்று குழிக்கரையிலேயே தேவசகாயம் சொன்னார். சொன்னது ஒரு தடவைதான். கோயிலில் ஒருவர் இடப்பக்கத் தூண் ஓரம், மற்றவர் வலப்பக்கத் தூண் ஓரம், ஒன்பது வருடம். இப்போது இறந்திருப்பது தேவசகாயத்தின் அம்மா, அதாவது ஐயாவின் மாமியார். சாயங்காலம் நான்கு மணிக்கு அடக்கம்.

இருதயம் அண்ணன் கடப்பாரையோடு அலுவலகத்துக்கு வந்தார். "ஏம்மா, சவரிமுத்து கால எடுத்துட்டு வெட்டவா, இருக்கவிட்டு ஒதுங்கி வெட்டவா?"

எனக்குப் புரியவில்லை. தேவசகாயம் வீட்டுக் குழியில் சவரிமுத்து காலுக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

"நீதானம்மா சீட்டுக் குடுத்த. நாலாவது வரிச, ஏழாவது குழி. அது தேவசகாயம் குடும்பத்துக் குழிதான?"

என் தாளை எடுத்து விரித்து, வாசலிலிருந்து எண்ணிக் காட்டினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வாசல்ல இருந்து எவன் எண்ணுவான்? கல்லறையில எல்லாமே சிலுவையில இருந்துதாம்மா ஆரம்பம்."

கல்லறைத் தோட்டத்தின் அந்தக் கோடியில் பெரிய சிலுவை இருக்கிறது. அதிலிருந்து எண்ணினால் நான்காவது வரிசை வேறு. அவருடைய அப்பா எண்ணியதும் அங்கிருந்துதான், அவர் எண்ணுவதும் அங்கிருந்துதான். அது தப்பான குழி என்று தெரிந்தும் ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன்.

"பேரு சொல்லாதன்னு நீதான சொன்ன. அதோட, மச்சானும் மச்சானும் ராசியாயிட்டாக போலருக்கு, நல்லதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஒதுங்கி வெட்டச் சொல்லலாம். தெரிந்தது இரண்டே பேருக்கு. ஐயா மனைவி குழியிலேயே பூப்போட்டுக்கொண்டு இருக்கட்டும். கடவுளுக்குக் கால் எங்கே என்று தெரியாமலா போகும்? இப்படி யோசித்துக்கொண்டே பதிவேட்டைத் திறந்தேன். என் அழகான எழுத்தில் இருந்தது பொய் இடம். அப்பாவின் ரேகைகூட அந்தப் புத்தகங்களில் பொய் சொன்னதில்லை.

சாமியிடம் போய்ச் சொன்னேன். ஒருவேளை இது இறைப் பராமரிப்பாக இருக்குமோ, ஆண்டவரே இப்படி நடத்தியிருப்பாரோ என்றும் கடைசியில் சேர்த்துக்கொண்டேன்.

"ஏனுங்க ரோஸ்லின்," என்றார் சாமி. "உங்க தப்ப ஆண்டவர் தலையில கட்டாதீங்க. தப்பு உங்களுதுங்க. அத வச்சு அவரு என்ன பண்ணுவாருங்கறது அவரோட வேல. உங்க வேல, போயி சவரிமுத்துகிட்ட சொல்றதுங்க. இப்பவேங்க."

வண்டியை எடுத்துக்கொண்டு சாணார்பட்டி ரோட்டில் போனேன். ஐயா தோட்டத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எதிரே பெரிய சாக்கு விரித்து, மாமியாருக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார். துக்க வீட்டுக்குள் போக மாட்டாராம், கல்லறை வாசலில் நின்று மகன் கையில் கொடுத்துவிடுவாராம். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வாசல், சிலுவை, சீட்டு, என் தாள். அவர் கை நார் மேலேயே நின்றுவிட்டது.

"தேவசகாயம் குழியிலயா?"

ஆமாம் என்றேன். அன்றைக்கு அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் முகம் போன போக்கைத்தான் தாங்க முடியவில்லை. மண்ணிலிருந்து உயிரோடு எழுப்புகிறவருக்கு இங்கே இருப்பதை அங்கே சேர்ப்பது பெரிய காரியமா ஐயா என்று ஏதோ சமாதானம் சொன்னேன்.

"அவருக்கு ஒண்ணும் செரமம் இல்ல, தாயி. கடலுக்குள்ள கெடந்தாலும் எடுத்துக் குடுப்பாரு. அத நான் சந்தேகப்படல." குனிந்து நாரை இழுத்து முடிச்சுப் போட்டார். "செரமம் எனக்குத்தான். அன்னைக்கு எல்லாரும் எந்திரிச்சு நிக்கையில, நான் ஒத்தக் கால்ல தத்திக்கிட்டே போயி, மச்சான் என் கால எடுத்துக் குடுங்கன்னு அவன்ட்ட கேக்கணும்ல? ஊரு பூராம் பாக்கும். ஆண்டவரும் பாத்துக்கிட்டு நிப்பாரு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவர் மாலையைக் கட்டி முடித்தார். பிறகு கம்பைத் தேடினார்.

"எப்பிடியும் ஒருநா கேக்கணும். அத இன்னைக்கே கேட்டுட்டாப் போச்சு. ஒன் வண்டியில பின்னால ஏத்திக்கிருவியா? மால நசுங்கக் கூடாது."

அப்படித்தான் ஒரு கையில் கம்பு, தோளில் பெரிய மல்லிகை மாலையோடு ஐயாவைப் பின்னால் உட்கார வைத்து, துக்க வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கினேன். பந்தலுக்குள் பேச்சு நின்றது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டார்கள். ஐயா மாமியாருக்கு மாலை போட்டுக் கும்பிட்டார். பிறகு சுவர் ஓரம் நின்ற தேவசகாயத்திடம் போனார்.

"மச்சான், என் காலு ஒண்ணு ஒங்க குழியில கெடக்காம். தெரியாம நடந்துபோச்சு. தோண்டி எடுத்துக்கிரவா, கெடக்கட்டுமா?"

தப்பு என்னுடையது, ஐயாவுக்குத் தெரியாது, நான்தான் எண்ணை மாற்றிக் கொடுத்தேன் என்று நான் குறுக்கே சொன்னேன். தேவசகாயம் என்னைப் பார்க்கவே இல்லை. மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே கால் இல்லாத இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எந்தக் காலு?"

"எடது."

"ஒம்பது வருசமா எங்காத்தா ஒன்னக் கேட்டுக்கிட்டே கெடந்துச்சு." தேவசகாயம் துண்டால் முகத்தைத் துடைத்தார். "நீ வரல. ஒன் காலாச்சும் முந்தி வந்து காத்துக் கெடந்திருக்கு. கெடக்கட்டும், எடுக்காத."

ஐயா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கணும், மச்சான், ஒரு நாள் தாமதிச்சுட்டேன் என்று மெதுவாகச் சொன்னார். அது பந்தலில் யாருக்கும் கேட்டிருக்காது. நான் பக்கத்தில் நின்றதால் கேட்டது. தேவசகாயம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு, எம்புட்டு நேரம் ஒத்தக் கால்ல நிப்ப" என்றார். அதற்குப் பிறகுதான் பெண்கள் மறுபடி ஒப்பாரியைத் தொடங்கினார்கள். முந்தியைவிடச் சத்தமாக.

இருதயம் அண்ணன் ஒதுங்கி வெட்டினார். தேவசகாயத்தின் அம்மாவுடைய கால்மாட்டில் ஐயாவின் கால் இருந்தது.

மறுநாள் காலை, பதிவேட்டில் 'வரிசை நான்கு' மேல் ஒரே ஒரு கோடு போட்டேன். கீழே இருப்பது படிக்கத் தெரிகிறது. ஓரத்தில் 'தேவசகாயம் குடும்பக் குழி' என்று பேர் சொல்லியே இடத்தை எழுதி, 'தவறு எழுத்தருடையது' என்று சேர்த்து, என் கையொப்பத்தைப் போட்டேன். ஜெனிபர், நீ ஏற்றும் அந்தப் பக்கத்தில் இருக்கும் கோடு அதுதான். என் வரைபடத்திலும் எண்களை மாற்றினேன். இப்போது வரிசை ஒன்று சிலுவையிலிருந்து தொடங்குகிறது. வாசலிலிருந்து எண்ணும் ஆசை உனக்கும் வரும். எண்ணாதே. வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சீட்டுக் கொடுக்கும்போது பேரையும் சொல். முடிந்தால் நீயே நடந்துபோய் குழியைப் பார்த்துவிட்டு வா.

அதற்குப் பிறகு ஐயா மூன்று வருடத்துக்கு மேல் இருந்தார். கல்லறைத் திருநாளில் மனைவிக்கு ஒரு மெழுகுதிரி, மச்சான் குடும்பக் குழியில் மாமியாருக்கும் காலுக்கும் சேர்த்து ஒன்று. தேவசகாயம் கூடவே நிற்பார். வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது உன் கால் என்பார். காலி பண்ணச் சொல்லி நோட்டீசு விடு என்பார் ஐயா. அப்படி ஒரு திருநாளில் அலுவலகம் பக்கம் வந்த ஐயாவிடம், அவர் காலம் வரும்போது காலை எடுத்து அவரோடு சேர்த்து வைத்துவிடலாமா, விண்ணப்பம் எழுதி வைத்துக்கொள்ளவா என்று கேட்டேன். என் தப்பை அப்படியாவது நேராக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

"வேணாம் தாயி. என்ன அவ பக்கத்துல வையி. காலு அங்கனயே இருக்கட்டும். எந்திரிச்ச ஒடனே மச்சானப் பாக்கப் போக எனக்கு ஒரு சாக்கு வேணும்ல. அன்னைக்குக் கூட்டம் வேற அதிகமா இருக்கும். காலு இருந்தாத் தேடி வந்துருவேன்னு அவனுக்கும் தெரியும்."

அவர் போனது ஒரு மழைக் காலத்தில், மத்தியானம், கட்டிலில் சாய்ந்தபடியே. துக்க மணியை இருதயம் அண்ணன் முழுதாக அடித்தார். ஏற்கெனவே ஒரு காலுக்குப் பாக்கி இருக்கிறது என்று சொல்லி இரண்டு அடி கூடுதலாகவே அடித்தார். நான் கல்லறைக்கு நடந்துபோய், நின்று பார்த்தேன். சரியான குழி. மண் போட்டு முடித்ததும் தேவசகாயம் மட்டும் பிரிந்து நடந்து, தன் குடும்பக் குழிப்பக்கம் போய், கால்மாட்டில் ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு வந்தார்.

அலுவலகத்துக்குத் திரும்பி எல்லாக் கட்டங்களையும் நிரப்பினேன். இந்தத் தடவை இறந்த நாள் இருந்தது. குறிப்பு என்ற கட்டத்துக்கு வந்தபோது சாமியைக் கேட்கவில்லை, நானே எழுதினேன்.

'மீதி. பகுதி மச்சான் வீட்டில் இருக்கிறது. அவரே போய் வாங்கிக்கொள்வார்.'

எழுதிய பிறகு பயம் வந்தது. பதிவேட்டைக் கொண்டுபோய்ச் சாமி முன்னால் வைத்தேன். அவர் படித்தார். பழைய பக்கத்தைப் புரட்டி, தான் எழுதியதையும் என் கோட்டையும் பார்த்தார். மறுபடி இந்தப் பக்கத்துக்கு வந்தார். "ஏனுங்க" வரப்போகிறது என்று காத்துக்கொண்டு நின்றேன்.

"சரிம்மா" என்று கையொப்பம் போட்டார்.

எனவே ஜெனிபர், இரண்டையும் ஏற்று. முதல் பதிவில் இறந்த நாள் கேட்டால், ஐயா இறந்த நாளையே போடு. அடக்கம் முந்தியும் இறப்பு பிந்தியும் வருகிறதே என்று கம்ப்யூட்டர் சண்டைக்கு வரும். வந்தால் குறிப்பை அப்படியே தட்டச்சு செய்து காட்டு. டூப்ளிகேட் இல்லை. ஒரே ஆள்தான். இரண்டு இடத்தில் காத்திருக்கிறார்.